இங்கே ஆள் வருது

என் புருஷனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆராதனை பார்க்க இந்தக் காஞ்சிபுரத்தில் எனக்கு இடமில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். கிறிஸ்மஸுக்கு முன்னால் வரும் அட்வெந்து ஞாயிறுகளில் அந்த மனுஷனை இழுத்துக்கொண்டு கோயில் கோயிலாக ஏறி இறங்கியவள் நான். எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஜாஃபருக்கே அலுத்துவிட்டது. "கோயிலுக்கா பஞ்சம் இந்த ஊர்ல? உங்களுக்கு மட்டும் ஒன்னு கெடைக்கலியாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

எரிச்சல் ஆரம்பித்தது எங்கள் சொந்தக் கோயிலில்தான். அங்கே நடுவில் ஒரு சிவப்புக் கம்பளம் போகும். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். யார் போட்ட சட்டமோ தெரியாது. ஊரான் நிலத்தில் கூழுக்கு உழைத்த எங்கள் தாத்தாக்கள் கல் சுமந்து கட்டிய கோயில் அது. கல் சுமக்கும்போது ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் சுமந்தார்களாம். கட்டி முடித்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அதைப் பற்றி எனக்கு முன்னெல்லாம் ஒரு குறையும் இருந்ததில்லை. வீட்டில் பார்க்கிற முகம்தானே, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் பார்க்காமல் இருந்தால் நல்லதுதான் என்றுகூட நினைத்திருக்கிறேன். நான் இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம். அவர் வலது பக்கம் தூணை ஒட்டி. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவர் பெயர் ஜெபகுமார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் சீட்டில் உட்கார்ந்த ஆண்களை எழுப்பி எழுப்பியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். அதைவிட அவருக்கு ஆகாத ஒன்று உண்டு. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான். "இங்க ஆள் வருது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "வந்த ஆளுக்குத்தான்யா டிக்கெட்டு, துண்டுக்கு இல்ல" என்று துண்டை எடுத்து அந்த ஆளின் தோளிலேயே போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவர், நான் பட்டுச் சங்கத்துக் கடைக்குச் சேலை மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தன் சீட்டுக்கு முன் சீட்டில் ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பை விரித்து வைத்திருப்பார். எந்தப் பெண் உட்காரப் போனாலும், "யம்மா, இங்க ஆள் வருது" என்பார். செவிலிமேட்டில் நான் ஏறும்வரைக்கும் அந்தக் கர்ச்சீப்பு அப்படியே இருக்கும். ஊரே பார்க்கிறதே என்று கூச்சப்பட்டு, சில நாள் வேண்டுமென்றே அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறேன்.

மறதி வந்தது போன வருஷம். முதலில் மூக்குக் கண்ணாடியை மறந்தார், பிறகு கூடப் பிறந்த தம்பியின் பெயரை, பிறகு எங்கள் தெருவை. டாக்டர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், ஒருநாள் உங்களையும் தெரியாமல் போகும்மா, மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மத்ததெல்லாம் மறக்கும் சார். என்ன மறக்கற அளவுக்கு அவருக்குத் தைரியம் கெடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சொன்ன மாதிரியே என்னை மட்டும் விடவில்லை. அதுதான் தொல்லையாகவும் ஆனது. நான் கண்ணில் படாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் கீழிருந்து ஊரைக் கூட்டுவார். கோயிலில் மட்டும் சும்மா இருப்பாரா?

நவம்பரில் ஒரு ஞாயிறு, பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்தார். கம்பளத்தைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தார். ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என் பெயரைச் சொல்லி, கிரேஸைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வந்தவர் பழைய பழக்கத்தில், "உள்ள தள்ளி உக்காரும்மா, உள்ள எடம் இருக்குது பாரு" என்று பெஞ்சு முனையில் இருந்த அன்னம்மாளின் தோளைத் தட்டிவிட்டார். அன்னம்மாள் எழுபது வயது விதவை, கண்டிப்பானவள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மாதிரி அலறினாள். உண்மையில் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், அது வேறு விஷயம். பின் வரிசைப் பெண்பிள்ளைகள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வாரம் நான் ஒரு முடிவோடு போனேன். நேராக ஆண்கள் பக்கம் தூணருகே அவரோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் அன்று ஒரு சத்தம் போடவில்லை. ஆனால் ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் தேவேந்திரன் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். எனக்கே ஒழுங்கைப் பற்றி விளக்கினான். ஆண்கள் சங்கடப்படுகிறார்களாம். இன்றைக்கு நான் உட்கார்ந்தால் நாளைக்கு எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்காருவார்களாம். அன்னம்மாள் வேறு புகார் சொல்லியிருக்கிறாளாம். கமிட்டி பேசி, பின்னால் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுவதாக முடிவு செய்திருக்கிறதாம்.

"இல்லன்னா கிறிஸ்மஸ் கூட்டம் முடியற வரைக்கும் அண்ணன வீட்லயே வெச்சுக்கோங்கக்கா" என்றான்.

"செருப்புக்குப் பக்கத்துல உன் கமிட்டியக் கொண்டாந்து உக்கார வெய்யி தேவா" என்று சொல்லிவிட்டு அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று ஜாஃபரின் ஆட்டோவிலேயே சபதம் போட்டேன். எனக்குக் கோபம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். நியாயத்துக்குத்தான் வரும்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் விமல்ராஜ், எதற்கு இந்த அலைச்சல், யூடியூபில் ஆராதனை போடுகிறார்கள், ரெண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று போனில் யோசனை சொன்னான். அதையும் செய்து பார்த்தேன். அவர் டி.வி.க்கு முன்னால் கைகட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கோயிலுக்கு நேரமாகிறது, அந்தப் பெட்டியை நிறுத்து என்றார். எனக்கு வேண்டியதும் அதுதானே. இந்த மனுஷன் கோயிலில், என் பக்கத்தில், நிம்மதியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அட்வெந்து முதல் ஞாயிறு, பெரிய கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனோம். மழை பெய்துகொண்டிருந்தது. பீடத்தில், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நாலு மெழுகுவர்த்தியில் முதல் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே, நீல மேல்துண்டு போட்ட ஒரு தொண்டர் என்னை இந்தப் பக்கமும் அவரை அந்தப் பக்கமும் பிரித்து அனுப்பிவிட்டார். நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள், எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சரி, பார்க்கலாம் என்று இருந்தேன். நம் ஆளும் அதிசயமாக அமைதியாக இருந்தார். பூசையில் எழுந்து நிற்பதும் முட்டி போடுவதும் மாறி மாறி வந்ததால் அவருக்கு என்னைத் தேட நேரமில்லை போலிருக்கிறது.

நற்கருணை அப்பம் வாங்க வரிசை நின்றது. அதைக் கண்டதும் வந்துவிட்டது வினை. வரிசையைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. முன்னால் இருந்தவரை முதுகில் தொட்டு நகரச் சொல்லிக்கொண்டே போய், ஃபாதருக்கு முன்னால் கையை நீட்டினார். நாங்கள் வேறு சபை என்று ஃபாதருக்கு என்ன தெரியும், கொடுத்துவிட்டார். எங்கள் கோயிலில் கொடுக்கும் ரொட்டித் துண்டு மாதிரி இல்லை, வட்டமாக, காகிதம் போல மெலிசாக இருந்தது. அதை வாயில் போட வேண்டும் என்று தோன்றவில்லை அவருக்கு. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு, என்னிடம் வந்து, சரிபாதியாக உடைத்து, "இந்தா, உனக்குப் பாதி" என்றார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பன் வாங்கினாலும் அவர் இப்படித்தான் செய்வார். ஆனால் இது பன் இல்லையே, அவர்களுக்கு ஆண்டவரின் உடம்பாச்சே. பின்னாலேயே ரெண்டு தொண்டர்கள் ஓடி வந்தார்கள். ஒரு பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பயத்தில் என் பாதியை விழுங்கிவிட்டேன். அவர் தன் பாதியை நிதானமாகத் தின்றுவிட்டு, உப்பு இல்லை என்றார்.

ஃபாதர் நல்லவர், பூசை முடிந்ததும் கூப்பிட்டு, கோபப்படாமல்தான் பேசினார். தாராளமாக வாருங்கள், ஆனால் நற்கருணைக்கு வராதீர்கள் என்றார். சேர்ந்து உட்காரலாமா என்று கேட்டேன். முடியாதவர்களுக்காகப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம் என்றார். ஒரே நாற்காலி. அதில் நான் அவர் மடியிலா உட்கார முடியும்?

இரண்டாவது வாரம் முசரவாக்கம் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு பெந்தெகொஸ்தே சபை. அங்கே பெஞ்சே கிடையாது. ஆண்களுக்கு நீலப் பாய், பெண்களுக்குப் பச்சைப் பாய், நடுவில் ஒலிபெருக்கி. டிரம்ஸ் சத்தத்தில் என் கம்மல் ஆடியது. இவரோ பாட்டு ஆரம்பித்த உடனே எழுந்து என்னைத் தேடி வந்துவிட்டார். அதைக் கவனித்த பாஸ்டர் எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டு, விஷயத்தைக் கேட்டு, அவர் தலையில் கையை வைத்து அழுத்தி, மறதியின் ஆவியே வெளியே போ என்று மைக்கில் கட்டளையிட்டார். அழுத்த அழுத்த இவர் பின்னால் சாய்ந்துகொண்டே போனார். சாய்ந்தபடியே, "தள்ளாதீங்க, தள்ளாதீங்க, பின்னாடி வண்டி காலியா வருது" என்றார். மைக் அதையும் சபைக்குக் கேட்க வைத்தது.

பாஸ்டர் விடவில்லை. என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். "கிரேஸு" என்றார் இவர், இது என்ன கேள்வி என்கிற மாதிரி. தகரக் கூரை அதிர்ந்தது. அல்லேலூயா, சுகமாகிவிட்டார், சாட்சி சொல்லுங்கள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரும்போதே அவருக்கு என் பெயர் தெரியும், அதை யார் குணப்படுத்தியது? வாசலில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் கம்மலையும் வளையலையும் கழற்றிவிட்டு வாருங்கள், அப்போதுதான் அற்புதம் நிலைக்கும் என்றாள். காது என்னுடையது, மறதி அவருடையது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் எனக்காகவும் ஜெபிப்பதாகச் சொன்னாள்.

மூன்றாவது வாரம் ஜாஃபர்தான் துப்புக் கொடுத்தார். அவர் ஆட்டோவில் ஏறிய ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது, ஒரு கல்யாண மண்டபத்தில் புதிதாக ஒரு சர்ச் நடக்கிறது, அங்கே குடும்பம் குடும்பமாகச் சேர்ந்துதான் உட்காருவார்கள் என்று. போனோம். உண்மைதான். ஏ.சி. போட்ட மண்டபம், மெத்தை வைத்த நாற்காலி, வாசலிலேயே கையில் காப்பி. ஜீன்ஸ் போட்ட பிள்ளைகள் எங்களைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். ஆளுக்கொரு பக்கம் என்று யாரும் பிரிக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்கை அணைத்தார்கள். மேடையில் மட்டும் ஊதா வெளிச்சம், புகை. திரையில் எழுத்து ஓடியது.

"படம் எப்ப போடுவான்?" என்று கேட்டார்.

படம் இல்லைங்க, கோயில் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், எனக்குத்தான் மறதி வந்துவிட்ட மாதிரி. பாதிப் பாட்டு இங்கிலீஷ், பாதிப் பாட்டு தமிழ், ஒன்றுகூட எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, படம் நன்றாக இல்லை, எழுந்து போகலாம், கோயிலுக்கு நேரமாகிறது என்றார். பிறகு தூங்கிவிட்டார். முடிந்து வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம தானே? ஏன் கோயிலுக்குப் போவல?"

"போய்ட்டுத்தானே வரோம்."

"எங்க போனோம்? நீ எங்கெங்கயோ இட்டுக்கினு போற. கோயிலுக்கு மட்டும் இட்டுக்கினு போவ மாட்டேங்கற."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உங்களுக்காகத்தான் நாய் படாத பாடு படுகிறேன், உங்களுக்குக் கோயிலும் தெரியவில்லை, கொட்டகையும் தெரியவில்லை என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். ஜாஃபர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோன முகம். எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலாவது ஞாயிறு எங்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். நாலு நாளில் கிறிஸ்மஸ். முறுக்கு சுட்டாலாவது பலகாரமாவது மிஞ்சும். காலையிலேயே எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டேன். அவர் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். போகலாமா என்றார். இன்றைக்குக் கோயில் இல்லை, போய் உட்காருங்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். முறுக்கு பிழிந்துகொண்டே இருந்தவளுக்கு, வீட்டில் சத்தமே இல்லையே என்று ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. அரை மணி நேரமாக யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தெருக்கதவு திறந்து கிடந்தது. மாவுக் கையோடு தெருவுக்கு ஓடினேன். அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடுகிறேன், பார்த்தவர்களிடமெல்லாம் கேட்கிறேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது ஜாஃபரின் ஆட்டோ காலியாகத் திரும்பி வந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்க முன்னாடியே போய்ட்டீங்கன்னு நெனச்சேன்மா. அண்ணன் வந்து ஏறி உக்காந்தாரு. கோயிலுக்கு வுடுப்பான்னாரு. எந்தக் கோயிலுண்ணேன்னு கேட்டேன். நம்ம கோயிலுன்னாரு. வழி கூட அவருதான் சொன்னாரு."

சொந்தத் தெரு தெரியாத மனுஷன் வழி சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தேன், ஓட்டுங்கள் என்றேன். கையில் மாவு, சேலையில் எண்ணெய், காலில் செருப்பு இல்லை. மிதிப்பதில்லை என்று சபதம் போட்ட வாசலில் அந்தக் கோலத்தில் போய் இறங்கினேன்.

உள்ளே பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நாலு மெழுகுவர்த்தியும் எரிந்தது. முதலில் தூணருகே பார்த்தேன். இல்லை. இடது பக்கம் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில், பெண்களுக்கு நடுவில், வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் என் இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பு விரித்திருந்தது.

தேவேந்திரன் அதற்குள் அங்கே வந்து குனிந்துகொண்டிருந்தான். அண்ணே, இது லேடீஸ் சைடு, எழுந்து வாங்க என்று கெஞ்சினான்.

"எனக்குத் தெரியாதாப்பா? லேடீஸுக்குத்தான் எடம் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றார் இவர்.

நான் போய் நின்றேன். தேவேந்திரன் என்னைப் பார்த்ததும், பாருங்கக்கா என்று ஆரம்பித்தான். என்னிடம் ஒரு பெரிய பதில் தயாராக இருந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு கோயிலிலும் சேர்த்துவைத்த பதில். ஆனால் என்னை முந்திக்கொண்டு அன்னம்மாள் பேசினாள், பெஞ்சின் முனையிலிருந்து, போதகர் முதற்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி.

"வுடு தேவா. வந்ததுலேர்ந்து அந்த எடத்துல ஒருத்தரயும் உக்கார வுடல அவரு. என்னையே தள்ளி உக்கார வெச்சுட்டாரு." பிறகு எதிர்ப்பக்கத்து ஆண்கள் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு அந்தப் பக்கம் நாப்பது வருசம் உக்காந்தாரு. ஒரு நாளு இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தது கெடையாது."

தேவேந்திரன் நிமிர்ந்து போதகரைப் பார்த்தான். போதகர் வேதத்தைப் புரட்டத் தொடங்கினார். அவன் போய்விட்டான்.

"நின்னுக்கினே இருக்காத கிரேஸு, பின்னாடி மறைக்குது. போய் உக்காரு" என்றாள் அன்னம்மாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஜெயித்துவிட்டேன். இந்த அட்வெந்து முழுக்க நான் கேட்டு அலைந்தது இதோ கிடைத்துவிட்டது, அதுவும் என் சொந்த இடத்தில். சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். உட்காருவதற்காகக் கர்ச்சீப்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"யம்மா, இங்க ஆள் வருது."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்து முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற அதே முகம். கண்டிப்பாக, மரியாதையாக. போன வாரம் ஆட்டோவில் நான் கத்தியபோது பயந்த முகமாவது என்னைத் தெரிந்த முகம்.

அன்னம்மாள் காதிலும் அது விழுந்துவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்து பாட்டுப் புஸ்தகத்தில் எதையோ தேடினாள்.

"யாரு வராங்க?" என்று கேட்டேன்.

"என் சம்சாரம். கிரேஸுன்னு பேரு. அடுப்பாண்ட வேலையா இருக்கா. முடிச்சிட்டு வந்துடுவா."

என் கையிலிருந்த மாவு காய்ந்து வெடித்திருந்தது. அதை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். சண்டை போட ஆள் தேடினேன். தேவேந்திரன் இல்லை, பாஸ்டர் இல்லை, டாக்டர் இல்லை. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் யாரிடம் போய் நான் நியாயம் கேட்பேன்?

"அவங்க வர்ற வரைக்கும் உக்காந்துக்கட்டுமா? கால் வலிக்குது" என்றேன்.

யோசித்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கர்ச்சீப்பை எடுத்து, நாலாக மடித்து, தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"சரி, உக்காரு. ஆனா அவ வந்தா உடனே எழுந்துக்கணும். அவளுக்குக் கோவம் ஜாஸ்தி."

"எழுந்துக்கறேன்" என்றேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போதகர் பேச ஆரம்பித்தார். கர்த்தரின் வருகைக்காகக் காத்திருப்பதைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. இவர் எழுந்து அலையவில்லை, சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மட்டும் கழுத்தை வளைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடியும்வரைக்கும் நானும் அவரோடு சேர்ந்து திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தேன்.